குமரி முதல் முட்டம் வரை: மாணவர்களோடு இரண்டு நாள் கடலோர நடைக்கு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலை கன்னியாகுமரியில் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு மேற்கே நடக்கத் தொடங்கினால், ஞாயிறு மாலை முட்டத்துப் பாறைமேல் உட்கார்ந்து அதே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். நடுவில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கோவளம், மணக்குடி, பள்ளம், புத்தன்துறை, ராஜாக்கமங்கலம் துறை, அழிக்கால், பிள்ளைத்தோப்பு என்று ஊருக்கு ஊர் ஒட்டிக் கிடக்கும் மீனவக் கிராமங்கள். கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்தப் பாதையில் பலமுறை நடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, புதிதாகக் கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர் குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலையேற்றத்துக்குப் போகும் மனநிலையோடு இங்கே வரக்கூடாது. காட்டில் நாம் நடக்கும் பாதை யாருடைய வீட்டு முற்றமும் இல்லை. இங்கே நடக்கிற ஒவ்வொரு அடியும் ஒருவருடைய முற்றம், ஒருவருடைய பட்டறை. வலை காய்கிற இடம், மீன் ஏலம் போகிற இடம், பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்து வீட்டார் வந்து நிற்கிற இடம், எல்லாம் அந்த ஒரே மணல்தான். இதை மாணவர்கள் மனதில் பதிய வைத்துவிட்டால் பாதி ஏற்பாடு முடிந்தது.

எப்போது போகலாம்

ஜனவரி, பிப்ரவரி. இந்த இரண்டு மாதங்களைத்தான் நான் உறுதியாகச் சொல்வேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கி, பல ஊர்களில் நடக்க மணலே இருக்காது. அக்டோபர், நவம்பரில் மழை, புயல். ஒக்கி வந்தது 2017 நவம்பர் கடைசியில். மார்ச்சுக்குப் பிறகு வெயில் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

கள்ளக்கடல்

காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். திருடனைப் போல ஓசையில்லாமல் வருவதால் இந்தக் கரை மக்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் புயல் எழுப்பிய பேரலைகள் சில நாட்கள் கழித்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது.

2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. நம் பாதை அந்தக் கரையைத் தொட்டுத்தான் போகிறது. அந்த இடத்துக்கு வரும்போது நான் மாணவர்களை உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்வேன். அவர்கள் வயதுப் பிள்ளைகள். மருத்துவம் படித்து முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள்.

ஆகவே விதி ஒன்றுதான்: இரண்டு நாளும் யாரும் கடலில் இறங்கக்கூடாது. முழங்கால் அளவு என்ற சலுகையும் கிடையாது. இந்தக் கரையில் பல இடங்களில் மணல் செங்குத்தாகச் சரிந்து இறங்கும், இரண்டே அடியில் ஆழம் வந்துவிடும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர் என்பதால் இங்கே ஒன்றும் மாறாது. புறப்படுவதற்கு முந்தின இரவும், இரண்டு காலைகளிலும் இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பேருந்துக் கட்டணம் வீணானாலும் பரவாயில்லை.

மூன்று வாரம் முன்பு: அனுமதிகள்

கல்லூரி முதல்வரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், ஒவ்வொருவரின் ரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்து இவையெல்லாம் எந்தச் சுற்றுலாவுக்கும் உள்ளவை. இங்கே அதற்கு மேல் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, ஊர்களிடம் கேட்பது. இந்தக் கிராமங்களில் பெரும்பாலானவை கத்தோலிக்க ஊர்கள். பிரான்சிஸ் சவேரியார் 1544இல் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தே போனார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்றும் ஊர்க் காரியங்கள் கோயிலைச் சுற்றித்தான் நடக்கின்றன. இங்கே கோயில் என்றால் தேவாலயம். பங்குத்தந்தையிடமும், கோயில் காரியங்களைக் கவனிக்கும் ஊர்க் குழுவான பங்குப்பேரவையிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை பேர், எங்கே உட்காருவோம், எங்கே கழிப்பறை தேவை. கடிதத்தோடு நிறுத்தாமல் ஒரு ஞாயிறு ஒதுக்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். நேரில் கேட்டால் பள்ளிக்கூடத்தையோ சமூக நலக்கூடத்தையோ திறந்து கொடுப்பார்கள். கேட்காமல் நாற்பது கால்கள் கரையில் வந்து இறங்கினால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

இரண்டு, காவல்துறை. கடலோரத்தில் புதியவர்கள் கூட்டமாக நடந்தால் விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் உள்ளூர் நிலையத்துக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண்களை எல்லாரும் கைப்பேசியில் சேர்த்துக்கொள்ளட்டும்: கடலோரப் பாதுகாப்புக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108. பெரிய மருத்துவமனை என்றால் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

குழுவில் இருபது மாணவர்களுக்கு மேல் வேண்டாம். மூன்று பெரியவர்கள் வேண்டும், மாணவிகள் இருந்தால் அந்த மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் முன்னால், ஒருவர் நடுவில், ஒருவர் கடைசியில். கடைசியில் வருபவர்தான் முக்கியமானவர். அவருக்குப் பின்னால் ஒரு மாணவர்கூட இருக்கக்கூடாது.

நடக்கப் பழகுதல், மூட்டை கட்டுதல்

மணலில் நடப்பது தார்ச்சாலையில் நடப்பதைப் போல இரண்டு மடங்கு களைப்புத் தரும். அதோடு கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே நடக்கும். மாலையில் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். அலை தொட்டுவிட்டுப் போன ஈர மணல்தான் கெட்டியாக இருக்கும், ஆனால் அங்கே கண் கடல்மேலேயே இருக்க வேண்டும். அதனால் அந்த ஈர மணலின் மேல் ஓரத்தைப் பிடித்து நடக்கச் சொல்லுங்கள். அலை ஏறினால் இடம் விட்டு மேலே ஒதுங்கலாம். பயணத்துக்கு முந்தின இரண்டு வார இறுதிகளில் எட்டு எட்டு கிலோமீட்டர் நடந்து பழகினால் போதும்.

பழகிய பழைய ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ். புது ஷூ வேண்டவே வேண்டாம், முதல் நாள் மதியத்துக்குள் கொப்புளம் வந்துவிடும். கரையில் தூண்டில் முள், உடைந்த பாட்டில், அறுந்த நரம்பு வலை எல்லாம் கிடக்கும். ஆகவே வெறுங்காலும் கூடாது. பருத்தி முழுக்கைச் சட்டை, விளிம்புள்ள தொப்பி, மெல்லிய துண்டு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் தூக்க முடிய வேண்டும். குடிநீர் இந்த ஊர்களில் பலவற்றில் குழாயில் நேரம் பார்த்து வருவது. பெண்கள் குடம் வரிசை வைத்துப் பிடிப்பது. அதில் போய் நம் பாட்டிலை நீட்டக்கூடாது. கடையில் கேன் வாங்கி நிரப்புங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொப்புளத்துக்கு ஒட்டுப்பட்டை, கிருமிநாசினி, கைவிளக்கு. குப்பைக்கு ஆளுக்கொரு பை. கொண்டுபோன ஒவ்வொரு உறையும் திரும்பி வர வேண்டும்.

ஈரமணலில் ஒதுங்கிக் கிடக்கும் சொறியை (ஜெல்லி மீன்) தொடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் அரிக்கும். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள்: கன்னியாகுமரி – கோவளம் – மணக்குடி – பள்ளம் – சங்குத்துறை, சுமார் 14 கி.மீ.

வெள்ளி இரவே கன்னியாகுமரி வந்து தங்கிவிடுங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகுதான் எழும். பார்த்து முடித்ததும் தலை எண்ணிப் புறப்படுங்கள். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவரும் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இந்த முதல் நாலைந்து கிலோமீட்டர் கடலோரம் பாறையாக இருப்பதால் சாலை வழியே நடப்பதுதான் நல்லது. இந்தக் கோவளம், கேரளத்துக் கோவளமும் இல்லை, சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் இல்லை. வீட்டில் சொல்லும்போது தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாணவியின் அப்பா திருவனந்தபுரம் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

கோவளம் தாண்டியதும் கரை. சனிக்கிழமை என்பதால் தொழில் நடக்கும் நாள். வள்ளங்கள் வந்து சேரும், ஏலம் நடக்கும். ஒதுங்கி நின்று பாருங்கள். ஏலக்காரர் விலையை ஏற்றும்போது குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது, அங்கே ஒரு குடும்பத்தின் அன்றைய சோறு நிர்ணயமாகிக்கொண்டிருக்கிறது.

அதிர்ஷ்டம் இருந்தால் கரமடி இழுப்பதைப் பார்க்கலாம். வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கும். இழுக்க இழுக்க நெருங்கி வரும். எங்கள் குழுவைப் பார்த்து ஒரு பாட்டா, "வாங்க மக்களே, ஒரு கை பிடிங்க" என்றார். கயிறு ஈரத்தில் ஊறி, மணல் ஏறி, உப்புத்தாள் போல இருந்தது. முன்னால் இருப்பவர் பின்னோக்கி நடந்து போய், வரிசைக் கடைசிக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி முன்னால் ஓடி வந்து பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் என் மாணவர்களின் உள்ளங்கை சிவந்துவிட்டது. முக்கால் மணி நேரம் இழுத்து மடி கரையேறியபோது உள்ளே இரண்டு கூடை நெத்திலி, கொஞ்சம் சாளை, ஒரு கணவாய், மீதியெல்லாம் பிளாஸ்டிக் பை. முப்பது பேருக்கு அதுதான் கூலி. பாட்டா ஒன்றும் சொல்லவில்லை. பையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து ஓரமாகப் போட்டார். எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்காமலே பொறுக்கிக் கட்டினார்கள். அன்று வகுப்பில் நான் நடத்த வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை.

கரையில் நடக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரித்த வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். காயும் மீன்மேல் நிழல் விழும்படி நிற்கவேண்டாம். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் ஏறி உட்காராதீர்கள். இழுக்கும் கயிற்றுக்குள் போகாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். எங்கள் முதல் பயணத்தில் ஒரு மாணவன் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்த பெண்களைத் தூரத்தில் நின்று எடுத்துவிட்டான். ஒரு அக்கா எழுந்து வந்து, "எங்களக் கேட்டியளா மக்கா? எங்க பிள்ளையளும் ஒங்களப்போல காலேஜிலதான் படிக்குது" என்றார். படத்தை அழித்தோம், மன்னிப்புக் கேட்டோம். நாங்கள் கிளம்பும்போது அவரே எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். வயதில் மூத்தவர்களை அண்ணாச்சி, அக்கா, பாட்டா, பாட்டி என்றே கூப்பிடச் சொல்லுங்கள்.

பத்து மணிவாக்கில் மணக்குடி. பழையாறு கடலில் கலக்கும் இடம். ஆற்றின் இரு கரையிலும் கீழமணக்குடி, மேலமணக்குடி என்று இரண்டு ஊர். முகத்துவாரத்தில் இறங்கிக் கடக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. பாலம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இங்கே இருந்த பாலத்தைச் சுனாமி தூக்கி எறிந்தது; இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. குமரி மாவட்டத்தில் அன்று இறந்தவர்கள் சுமார் 800 பேர். மணக்குடி அதில் பெரிய இழப்பைச் சந்தித்த ஊர்களில் ஒன்று. சுனாமியைப் பற்றி ஊராரிடம் நாமாகக் கேட்கக்கூடாது என்பது என் விதி. அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினொன்று முதல் மூன்றரை வரை நடக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ஊரில் ஒரு வீட்டிலோ மகளிர் குழுவிடமோ சொல்லிவையுங்கள். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும் போதும், பணமும் ஊருக்குள்ளேயே போகும். ஓய்வு நேரத்தில் பாலத்திலிருந்து கழிமுகத்து அலையாத்திச் செடிகளைப் பார்க்கலாம்.

மூன்றரைக்கு மேல் பள்ளம் வழியாகச் சங்குத்துறை. இந்தப் பகுதியில் சில இடங்களில் கரையே இல்லை, கடலரிப்புத் தடுப்புக்குக் கொட்டிய பாறாங்கல் சுவர்தான் இருக்கும். சில ஊர்களில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்பும் இருக்கும். பாசி பிடித்த அந்தக் கற்கள்மேல் தாவ விடாதீர்கள். ஊருக்குள் ஏறித் தெரு வழியே நடங்கள். வீடுகளுக்கு நடுவே போகும்போது ஒற்றை வரிசை, குரலைத் தாழ்த்தி. சில வாசல்களில் மாலை போட்ட இளைஞர்களின் படம் தெரியும்.

எதிர்வெயில் கண்ணில் குத்தும், தொப்பி அப்போதுதான் பயன்படும். சங்குத்துறையில் ஆறு மணிக்கு நடையை முடித்துவிடுங்கள். கடற்கரையில் கூடாரம் அடிக்கும் ஆசை மாணவர்களுக்கு வரும். நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை. முன்பே பேசிவைத்த கூடத்தில் தங்கலாம். அது அமையவில்லையா, பேருந்திலோ வேனிலோ நாகர்கோவில் போய்த் தங்கிக் காலையில் திரும்பலாம். மாணவிகள் இருக்கும் குழுவுக்குக் கழிப்பறை, தாழ்ப்பாள், விளக்கு மூன்றையும் நேரில் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். பகலிலும் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை என்று குறித்துவையுங்கள். இதைக் கேட்க மாணவிகள் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், வெயிலில் மயங்குவார்கள். தலைவர்தான் முந்திக்கொண்டு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள்: சங்குத்துறை – ராஜாக்கமங்கலம் துறை – முட்டம், சுமார் 14 கி.மீ.

ஞாயிறு. பெரும்பாலான ஊர்களில் தொழிலுக்குப் போகமாட்டார்கள். நேற்றுப் பார்த்த கரையும் இன்றைய கரையும் வேறு வேறு. வள்ளங்கள் ஏறிக் கிடக்கும், பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். பேச நேரம் இருக்கும் நாள் இதுதான். பூசை நடக்கும்போது கோயிலைக் கடந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு போங்கள்.

ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் ராஜாக்கமங்கலம் துறை. வழியில் மணலில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் தெரியும். மை கொட்டியதுபோல இருக்கும், பலர் எண்ணெய்க் கழிவு என்று நினைப்பார்கள். அது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் கலந்த கனிம மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. முட்டத்துக்கு மேற்கே மணவாளக்குறிச்சியில் அரசின் அருமணல் ஆலை இருப்பது இதற்காகத்தான். வலுவான காந்தம் ஒன்றைத் தாளில் சுற்றி அந்த மணல்மேல் இழுத்துக் காட்டுங்கள், கறுப்புத் துகள்கள் மயிர்போலச் சிலிர்த்து ஒட்டும். அலை கனமான துகளை விட்டுவிட்டு லேசானதை இழுத்துப்போவதால்தான் இப்படித் தனித்தனியாகப் படிகிறது. பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிட வேண்டும், எடுத்துப்போகக்கூடாது. பகலில் இந்தக் கறுப்பு மணல் அடுப்புக்கல் போலச் சுடும்.

ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் பன்றிவாய்க்கால் கடலில் சேர்கிறது. இங்கே பொழி என்பார்கள்: மணல் மூடியும் இருக்கும், சில நாள் வெட்டுண்டு திறந்தும் இருக்கும். மூடியிருப்பதுபோலத் தெரிந்தாலும் ஊராரைக் கேட்காமல் காலை வைக்காதீர்கள், உள்ளே மணல் பொதபொதவென்று இருக்கும். திறந்திருந்தால் சாலைப் பாலத்தால் சுற்றிப் போங்கள். நேரத் திட்டத்தில் இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.

மதிய ஓய்வு இங்கே. பிப்ரவரி என்றால் அக்கானி கிடைக்கலாம், மற்ற ஊரில் பதநீர் என்பார்கள். ஜனவரியில் பனங்கிழங்கு. மூன்றரைக்குக் கிளம்பி அழிக்கால், பிள்ளைத்தோப்பு வழியாக நடக்கும்போது கால் வலி உச்சத்தில் இருக்கும். முடியாதவர்களை வற்புறுத்தாமல் ஒரு பெரியவரோடு பேருந்தில் முட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களைப் பற்றி ஒரு கேலிச் சொல்லும் வரக்கூடாது.

முட்டம் நெருங்கும்போது நிலம் நிறம் மாறும். செம்மண் மேடு, அதன் அடியில் கறும்பாறை, அதில் மோதும் அலை. மேலே 1875இல் கட்டிய கலங்கரை விளக்கம். பாறை விளிம்புக்குப் போகாமல், மேட்டில் பாதுகாப்பான இடத்தில் அரைவட்டமாக உட்காருங்கள். ஜனவரியில் ஆறேகால் மணிவாக்கில் சூரியன் கடலில் இறங்கும். அந்த நேரத்தில் யாரும் பேசவேண்டாம் என்று நான் சொல்லத் தேவை இருந்ததில்லை.

இருட்டும் முன் மேட்டிலிருந்து இறங்கி, தலை எண்ணி, நாகர்கோவில் பேருந்து பிடியுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் மண்டைக்காடு வழியாகக் குளச்சல் வரை போகலாம். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை அது.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் எல்லா ஊர்ப் பங்குப்பேரவைக்கும் நன்றிக் கடிதம் போக வேண்டும். அனுமதி பெற்று எடுத்த படங்களை அச்சிட்டு அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசியில் அனுப்பினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கரமடி இழுத்த பாட்டாவிடம் நாங்கள் கொண்டுபோன படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குள் எடுத்துப்போய் மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகினார். "அடுத்த வருஷம் எப்ப வருவிய?" என்று கேட்டார். தேதியைச் சொல்லிவிட்டு வந்தோம்.